சதுரங்கத்தில் இரண்டாம் படி

சதுரங்கத்தின் விதிகளைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும். குதிரை தாவும் விதத்தையும், ராஜாவுக்குக் கோட்டை கட்டும் விசேஷ விதியையும், சிப்பாய் கடைசி வரிசையை எட்டி ராணியாகும் அதிசயத்தையும் பத்து வயதுக் குழந்தை இரண்டு மணி நேரத்தில் கிரகித்துக்கொண்டு, அன்றிரவே தாத்தாவைத் தோற்கடித்துவிட்டதாக வீடெங்கும் பெருமை பேசுவதும் உண்டு. மறுகோடியில், உலக சாம்பியன்களின் சரித்திரத்தையும் அவர்களுடைய ஆட்டங்களையும் பற்றி எழுதப்பட்ட நூல்களை அடுக்கினால் ஒரு நூல்நிலையமே நிரம்பிவிடும். இவ்விரு கோடிகளுக்கும் இடையில், காய்களின் நடையை மட்டும் அறிந்த ஒருவன் எந்த மார்க்கத்தால் ஆடத் தெரிந்தவன் என்று பிறர் மதிக்கும் நிலைக்கு வந்து சேருகிறான் என்னும் கேள்வி பார்ப்பதற்குச் சிறியதாயினும், அதைப் பற்றி ஆசிரியர்கள் தம்முள் நூறாண்டுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். உளவியல் ஆராய்ச்சியாளரும் அவ்வாதத்தில் தலையிட்டிருக்கிறார்கள். யார் சொன்னது எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்பதே இங்கு உத்தேசம்.

கற்றுக்குட்டி என்றும் நடுத்தர ஆட்டக்காரர் என்றும் வாய்ப்பேச்சாகச் சொல்வதைவிட ஓர் அளவுகோல் இருந்தால் நல்லது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராயிருந்த அர்பாத் எலோ என்பவர் வகுத்த கணக்கை ஃபிடே என்னும் உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருக்குமானால், வலியவர் நூறு ஆட்டங்களில் ஏறக்குறைய 76 ஆட்டங்களுக்கு உரிய மதிப்பெண்ணைப் பெறுவார் என்பது அந்தக் கணக்கின் சாரம். கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 வேண்டும். 2024 மார்ச் முதல் 1400-க்குக் கீழான எண்ணைச் சம்மேளனம் பட்டியலில் ஏற்றுவதில்லை. ஆகவே கற்றுக்குட்டி என்பவர் பட்டியலுக்கு வெளியே நிற்பவர் என்றும், 1400-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் உலவுபவர் நடுத்தரத்தார் என்றும் சௌகரியத்துக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைவிடத் தெளிவான லட்சணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. கற்றுக்குட்டிகள் இருவர் ஆடும் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒருவர் யானையைச் சும்மா விடுவார், எதிராளி அதைக் கவனிக்கமாட்டார். இரண்டு நகர்த்தல் கழித்து எதிராளி தம் ராணியையே எதிரிக் குதிரையின் வாயில் கொண்டுபோய் வைப்பார். வெற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்தாறு தடவை கைமாறிக் கடைசியில் களைத்துப்போனவர் தோற்பார். நடுத்தரத்தாரின் ஆட்டத்தில் இப்படிப்பட்ட தானதருமம் அரிது. அவரிடமிருந்து ஒரு காயைப் பெற வேண்டுமானால் எதிராளி பாடுபட வேண்டும். இரண்டு படிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இதுதான் என்பதே என் முடிவு. மேலே சொல்லப்போகும் சித்தாந்தங்களையெல்லாம் இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்.

நன்றாக ஆடுகிறவர் பத்து நகர்த்தல், பதினைந்து நகர்த்தல் முன்கூட்டியே கணக்குப் போடுகிறார், அதுதான் அவருடைய பலம் என்பது ஜனங்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர் ஏட்ரியன் டி குரூட் என்ற டச்சு உளவியலறிஞர். இவர் தாமும் 1930-களின் பிற்பகுதியில் ஒலிம்பியாட் பந்தயங்களில் தம் நாட்டுக்காக ஆடியவர். அலெகைன், யூவ், கெரெஸ் போன்ற மகா நிபுணர்கள் முன்னும் சாதாரண ஆட்டக்காரர்கள் முன்னும் ஒரே நிலையை வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அவற்றைப் பதிந்து அவர் 1946-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எத்தனை நகர்த்தல் ஆழம் பார்த்தார்கள், எத்தனை வழிகளைப் பரிசீலித்தார்கள் என்ற கணக்கில் மகா நிபுணருக்கும் அடுத்த தரத்தாருக்கும் எதிர்பார்த்த அளவு பேதமே காணப்படவில்லை. பேதம் வேறிடத்தில் இருந்தது. பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டால், நிபுணர் ஏறத்தாழ முழு நிலையையும் திரும்ப அடுக்கிவிட்டார்; மற்றவர் தடுமாறினார்.

அமெரிக்காவில் வில்லியம் சேஸும், பிற்காலத்தில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் இந்தப் பரீட்சையை மேலும் நுட்பமாக்கி 1973-இல் வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி பார்த்தபின் நிபுணர் பதினாறு காய்கள் அளவிலும், நல்ல நடுத்தர ஆட்டக்காரர் எட்டு அளவிலும், கற்றுக்குட்டி நான்கு அளவிலும் சரியாக வைத்தார்கள். காய்களைக் குலுக்கிப்போட்டாற்போல் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ மூவருமே கற்றுக்குட்டியின் நிலைக்கு இறங்கிவிட்டார்கள். பின்னர் செய்த பரீட்சைகளில், தாறுமாறான நிலையிலும் நிபுணருக்குச் சொற்ப அனுகூலம் உண்டு என்று தெரியவந்தாலும், மூலக் கருத்து அசையவில்லை. நிபுணரின் ஞாபகசக்தி பொதுவாக விசேஷமானதல்ல. கோட்டை கட்டிய ராஜா, அதன் முன் மூன்று சிப்பாய்கள், அருகே எஃப்3-இல் குதிரை என்ற ஐந்து காய்களும் அவர் கண்ணுக்கு ஐந்து காய்கள் அல்ல, ஒரே உருவம். அத்தகைய உருவங்கள் அவர் நினைவில் பல்லாயிரம் குவிந்திருக்கின்றன. ஆகவே கற்றுக்குட்டி அடுத்த படிக்கு ஏறுவதென்றால், மேலும் ஆழமாகக் கணக்கிட முயன்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, நாலு காய் பார்க்கிற கண்ணை எட்டுக் காய் பார்க்கிற கண்ணாக மாற்றிக்கொள்வதே முக்கியம் என்று ஆகிறது.

இதற்கு வழி என்ன என்று கேட்டால், புதிர்களை விடுவிப்பது என்பதில் இன்று ஏறக்குறைய எல்லா ஆசிரியருக்கும் ஒருமித்த அபிப்பிராயம். ஒரு குதிரை ராஜாவையும் யானையையும் ஏககாலத்தில் தாக்குவது, மந்திரி ஒரு காயை அதன் பின்னுள்ள ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடுவது, கடைசி வரிசையில் காவலின்றி அடைபட்ட ராஜாவை யானை வந்து மடக்குவது ஆகிய இந்தச் சில உருவங்களே ஆயிரம் வேஷங்களில் வருகின்றன. விசுவநாதன் ஆனந்தின் இளமைக் கதை இங்கே பொருந்தும். 1970-களின் இறுதியில் குடும்பத்தோடு மணிலாவில் இருந்தபோது, அங்கே தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒரு சதுரங்கப் புதிர் வரும். அவர் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தாயார் சுசீலா அதைக் குறித்து வைப்பார், மாலையில் மகன் விடுவித்து விடையை அனுப்புவார். பரிசுப் புத்தகங்களை இவரே வாரிக்கொண்டு போவதைக் கண்ட நிகழ்ச்சிக்காரர்கள், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லும்படி ஆயிற்று. அபூர்வ மேதையின் கதை எல்லாருக்கும் பிரமாணமாகாது என்று ஆட்சேபிப்பவர்களுக்கு, மைக்கேல் டி லா மாசா என்னும் அமெரிக்கரின் அனுபவம் விடையாகும். வளர்ந்தபின் ஆட்டத்துக்கு வந்த இவர், ஆயிரம் புதிர்களை முதலில் 64 நாளில், பிறகு அவற்றையே 32 நாளில், அடுத்து 16 நாளில் என்று பாதி பாதியாகக் குறைத்து, ஏழாவது சுற்றில் ஒரே நாளில் முடிக்கும் கடுமையான அப்பியாசத்தைப் பற்றி எழுதி, 400 நாளில் 400 புள்ளி ஏறியதாகச் சொன்னார். கடைசி நாளின் கூத்தை உத்தியோகமும் குடும்பமும் உள்ளவர் யாரும் பின்பற்றப் போவதில்லை. ஆயினும் புதுப் புதிர்களைத் தேடி அலைவதைவிடப் பழையவற்றையே யோசனை இல்லாமல் கை நீட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் போடுவது மேல் என்ற அவருடைய கொள்கை, மேலே கண்ட உளவியல் முடிவோடு நன்றாக இசைகிறது.

எனினும் புதிர்ப் பயிற்சியில் ஒரு கபடம் உண்டு. புதிர் என்று தலைப்பிட்ட நிலையில் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தின் நடுவே யாரும் மணி அடித்து இப்போது பார் என்று சொல்வதில்லை. மேலும் புதிரில் நாம் தாக்குகிறவர், எப்போதும் வெல்கிறவர்; எதிராளி செய்யப்போகும் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் பழக்கம் அதில் கைவருவது குறைவு. கற்றுக்குட்டி தோற்பதோ பெரும்பாலும் தன் தாக்குதலிலேயே லயித்து, எதிராளி இப்போது எதற்காக அதை நகர்த்தினார் என்று கேட்க மறந்ததால்தான். இந்தக் குறைக்கு ரஷ்ய நிபுணர் பெஞ்சமின் புளுமன்ஃபெல்டு சொன்ன மருந்து எளியது: நகர்த்தலை முடிவு செய்தபின் முதலில் அதைத் தாளில் எழுது, எழுதியபின் பலகையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் பார், ராணி வெட்டுப்படுகிறதா, மேட் இருக்கிறதா என்று சின்னப் பிள்ளையைப்போல் கேள், பிறகு காயைத் தொடு. நகர்த்தும் முன் எழுதிக்கொள்வதைப் பிற்கால ஃபிடே விதிகள் தடுத்துவிட்டன. எழுதுவது போனாலும் அந்த ஒரு நிமிஷத்தை எந்த விதியும் தடுக்கவில்லை. கொட்டோவ் என்னும் சோவியத் கிராண்ட்மாஸ்டர், தகுந்த நகர்த்தல்களை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு மரத்தின் கிளையைப்போல் ஒரே ஒரு முறை நுனி வரை ஆராய வேண்டும் என்று வகுத்த புகழ்பெற்ற முறை, எனக்குத் தெரிந்தவரையில், இந்தப் படியில் உள்ளவர்க்கு நன்மையைவிட மயக்கத்தையே மிகுதியாகத் தருகிறது. அடிமரமே அசைந்து கொண்டிருக்கிறவனுக்குக் கிளை நுனி எதற்கு?

இனி இறுதியாட்டம். கியூபா தேசத்துக் காபாபிளாங்கா, தாம் உலக சாம்பியனான 1921-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட பாலபாடத்தில், காய்கள் குறைந்த இறுதி நிலைகளைத்தான் முதலில் கற்க வேண்டும் என்ற கட்சியைப் பிடித்தார். பலகை நிறையக் காய்கள் நிற்கும்போது ஒரு காயின் உண்மைச் சக்தி கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. மூன்று நான்கு காய்கள் மிஞ்சும்போது அது பிரத்தியட்சமாகத் தெரிகிறது. ஓர் உதாரணத்தை அருகிருந்து பார்ப்போம். வெள்ளை ராஜா ஈ5-இல். அதன் சிப்பாய் பின்னால் ஈ4-இல். கறுப்பு ராஜா ஈ7-இல். வேறு காயே இல்லை. நகர்த்த வேண்டியவர் கறுப்பர் என்றால் வெள்ளைக்கு வெற்றி: அவர் ராஜா ஒரு பக்கம் விலகியே தீர வேண்டும், விலகிய மறுகணம் வெள்ளை ராஜா மறுபக்கத்தால் ஆறாம் வரிசைக்கு ஏறிவிடும், அதன்பின் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க வழியில்லை. நகர்த்த வேண்டியவர் வெள்ளையர் என்றாலோ ஆட்டம் சமன். வெள்ளை ராஜா எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு ராஜா எதிரே வந்து நின்றுவிடும். அதே காய்கள், அதே கட்டங்கள்; முறை யாருடையது என்பதொன்றே ஜயாபஜயத்தைத் தீர்மானிக்கிறது. கையில் முறை இருப்பதே பாரமாக முடியும் என்னும் இந்த விஷயத்தை முதன்முதல் காண்கிற மாணவனுக்கு ஆட்டத்தைப் பற்றிய எண்ணமே மாறிவிடுகிறது.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்ததை எண்ணிப் பார்க்கட்டும். உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவதும் கடைசியுமான ஆட்டத்தில், பட்டத்தைக் காக்க ஆடிய டிங் லிரென்னுக்கு ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் யானையும் மந்திரியும் இருபுறமும் நின்ற அந்நிலை சமனில் முடியும் என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள். 55-ஆவது நகர்த்தலில் அவர் தம் யானையை எஃப்2-இல் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். எதிரே கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷ் யானையை வெட்டினார். ராஜா அதைத் திருப்பி வெட்டியதும், தம் மந்திரியை டி5-இல் வைத்தார். பலகையின் மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்குத் தப்ப இடமில்லை, மந்திரிகளும் மாறின. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. ஒன்றுக்கு இரண்டு சிப்பாய் வைத்திருந்த கறுப்பருக்கு அது பாலபாட வெற்றி. டிங் 58-ஆவது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொள்ள, பதினெட்டு வயது குகேஷ் உலக சாம்பியனானார். களைப்பும் கடிகாரமும் சேர்ந்து உலக சாம்பியனையே இந்த இடத்தில் சறுக்கச் செய்ததென்றால், நடுத்தரத்தாரின் ஆட்டங்களில் இது எத்தனை தடவை நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக இறுதியாட்டக் கலைக்களஞ்சியத்தை முதல் வருஷத்திலேயே கரைத்துக் குடிக்க வேண்டுமென்பதில்லை. ஜெரமி சில்மன் தம் இறுதியாட்ட நூலைத் தரவாரியாகப் பிரித்து, உன் தரத்துக்கு வேண்டியதைப் படித்துவிட்டு மூடி வை என்று எழுதியது மிகவும் விவேகமான ஏற்பாடு. ராணியால் மேட், யானையால் மேட், மேலே சொன்ன சிப்பாய் நிலை, யானையாட்டத்தில் பிலிதோர் பெயரால் வழங்கும் தற்காப்பு, லூசெனா பெயரால் வழங்கும் வெற்றிமுறை ஆகியவை இந்தப் படிக்குப் போதும். லூசெனாவின் 1497-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அந்த நிலை இல்லவே இல்லை என்பது வேடிக்கை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தொடக்கங்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் வந்தது தற்செயல் அல்ல. கற்றுக்குட்டிகள் மிகுதியான காலத்தையும் காசையும் செலவிடுவது இங்கேதான். பலன் மிகக் குறைவாகக் கிடைப்பதும் இங்கேதான். அவர்கள் விரும்பிக் கற்பது பொறிகள். இரண்டு பக்கமும் ராஜாவின் சிப்பாயை முன்தள்ளி, குதிரைகளைக் கிளப்பி, வெள்ளை மந்திரி சி4-க்கு வந்ததும், கறுப்புக் குதிரை சி6-லிருந்து டி4-க்குத் தாவி ஈ5 சிப்பாயைக் காவலின்றி விடும் ஒரு பழைய பொறி உண்டு. வெள்ளைக் குதிரை ஆசையோடு அந்தச் சிப்பாயை வெட்டினால், கறுப்பு ராணி ஜி5-க்கு வந்து குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒருங்கே குறிவைக்கும். குதிரை மேலும் ஆசைப்பட்டு எஃப்7-இல் புகுந்தால், ராணி ஜி2-ஐ வெட்டி, யானை நகர்ந்ததும் ஈ4-இல் செக் சொல்லி, இடையே மறைக்க வந்த மந்திரி அசைய முடியாமல் கட்டுண்டு கிடக்கையில், ஏழாவது நகர்த்தலில் குதிரை எஃப்3-இல் மேட் கொடுத்துவிடும். அழகான பொறிதான். ஆனால் வெள்ளையர் அந்தச் சிப்பாயைத் தொடாமல், டி4-க்கு வந்த குதிரையைத் தம் குதிரையால் வெட்டிவிட்டாரானால், கறுப்பர் பக்கத்தில் இருந்த ஒரே கிளம்பிய காயும் போய், நேரமும் வீணாகி நிற்கும். எதிராளியின் பேராசையை நம்பி ஆடும் பழக்கம் தன்னைவிட வலியவர் முன்னால் செல்லாது. நடுக்கட்டங்களைப் பிடி, காய்களைக் கிளப்பு, ராஜாவுக்குக் காவல் தேடு, ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதே என்ற பழைய போதனையோடு, வெள்ளைக்கு ஒன்றும் கறுப்புக்கு இரண்டுமாகத் தொடக்கங்களைப் புரிந்து ஆடினால் இந்தப் படியைக் கடந்துவிடலாம். பஞ்சாபிலிருந்து சென்ற மீர் சுல்தான் கான், சிப்பாய் முதலில் ஒரு கட்டமே நகரும் இந்திய முறையில் ஆடிப் பழகியவர், ஐரோப்பியத் தொடக்க நூல்களைப் படித்தவரல்லர். அப்படியிருந்தும் 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியனாகி, ஹேஸ்டிங்ஸ் பந்தயத்தில் காபாபிளாங்காவையே வென்றார். தொடக்கங்களில் அவர் தடுமாறியது உண்மை. அவருக்கே அது முதல் தேவையாக இல்லையென்றால் நமக்கு எப்படி ஆகும்?

பிலிதோர் 1749-இலேயே எழுதிவைத்த சிப்பாய் அமைப்பின் மகிமையும், நிம்ஸோவிச் 1925-இல் பெருநூலாக விரித்த தடுப்பும் முற்றுகையும் சுவாரசியமானவை. ஆனால் நடுத்தரத்துக்கு வந்தபின் படித்தால்தான் சுவைக்கும். அதற்கு முன் வேண்டுமானால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் சொல்லிப்போகும் இர்விங் செர்னெவின் 1957-ஆம் ஆண்டு நூலைப் போன்ற வியாக்கியானங்கள் போதும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஆர்ஜென்டினாவின் 104 ஆட்டக்காரர்களைப் பற்றி ஃபெர்னாந்த் கோபேவும் கில்லெர்மோ கம்பிதெல்லியும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம் போதுமானதாயிருக்க, வேறொருவருக்கு 23,000 மணிக்கு மேல் ஆகியிருந்தது. நாம் பேசுவது அதற்கு எவ்வளவோ கீழான படி. ஆயினும் சுபாவ வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதற்கு இது போதிய சாட்சி. நிதானமாக ஆடுவதா, வேகமாக ஆடுவதா என்ற சர்ச்சைக்கும் இதில் இடமுண்டு. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன் 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் சதுரங்கச் சங்கத்தில், வென்றவர் உட்கார்ந்திருக்கத் தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகும் ஐந்து நிமிஷ ஆட்டங்களில்தான் சிறுவன் ஆனந்த் உரமேறினார் என்பர். ஆனால் அவர் எழுந்து நின்ற நேரத்தில் பெரியவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டும், அவர்கள் சர்ச்சையைக் கேட்டுக்கொண்டும் இருந்தார் என்பதை மறக்கலாகாது. நள்ளிரவில் தனியே கைப்பேசியில் இருபது வேக ஆட்டங்கள் ஆடி, ஒன்றையும் திரும்பிப் பாராமல் படுக்கப் போகிறவருக்கு அந்த உதாரணம் உதவாது.

எமானுவேல் லாஸ்கர் 27 ஆண்டுகள் உலக சாம்பியனாயிருந்தவர். தத்துவமும் கணிதமும் அறிந்தவர். 1920-களில் எழுதிய தம் நூலின் இறுதியில், விசேஷத் திறமை ஏதும் இல்லாத இளைஞன் ஒருவனை, நிபுணரே அனுகூலம் விட்டுக்கொடுத்து ஆட முடியாத நிலைக்குக் கொண்டுவர 200 மணி நேரம் போதும் என்று கணக்கிட்டார். விதிகளுக்கு 5 மணி, எளிய இறுதியாட்டத்துக்கு 5, சில தொடக்கங்களுக்கு 10, தாக்குதல் உத்திகளுக்கு 20, நிலையறிந்து ஆடுவதற்கு 40. மீதி 120 மணியும் ஆட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும். மொத்தக் கணக்கு குறைவுதான், இறுதியாட்டத்துக்கு ஐந்து மணி போதாது, உத்திகளுக்கு இருபது அறவே போதாது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஆட்டத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வைத்தது சரியான தீர்ப்பு. பிற்கால உலக சாம்பியன் போத்வின்னிக்கும் அதையே வற்புறுத்தினார். சொந்த ஆட்டங்களுக்குத் தாமே குறிப்பெழுதி, பிறர் குறைகாணும்படி வெளியிடவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. கார்ப்போவும் காஸ்பரோவும் கிராம்னிக்கும் அவர் பாடசாலைக்கு வந்தவர்கள். இன்றைய மாணவனுக்குக் கணினி அந்தக் குறைகாணும் வேலையை நொடியில் செய்துகொடுக்கிறது. அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். தவறு எங்கே என்பதை இயந்திரம் காட்டும். அந்தக் கணத்தில் நாம் என்ன நினைத்து அதைச் செய்தோம் என்பது அதற்குத் தெரியாது. ஆகையால் தோற்ற ஆட்டத்தை முதலில் இயந்திரமின்றிப் பார்த்து, இந்த இடத்தில் எதிராளியின் மந்திரியை நான் கவனிக்கவில்லை, இந்த இடத்தில் அவசரப்பட்டு வெட்டினேன் என்று ஒரு வரி எழுதிவைத்துப் பிறகு இயந்திரத்திடம் கேட்பதே கிரமம். சில வாரங்களில் அந்தக் குறிப்புகளில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும், அடுத்த மாதப் புதிர்களை அதற்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

லாஸ்கர் தம் 120 மணியை ஆட்டத்துக்கு இவ்வளவு, ஆராய்ச்சிக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டவில்லை. நான் பிரிப்பதானால், ஒரு மணி நிதானமாக ஆடினால் ஒரு மணி அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று சரிபாதியாக வைப்பேன். தொடக்கங்களின் பத்தைப் பாதியாகக் குறைத்து உத்திகளுக்குக் கொடுப்பேன். அதற்கு மேலும் உத்திகளுக்கு முப்பது மணி கூட்டுவேன். இந்தக் கணக்கும் ஏறக்குறைய 1800 வரைதான் செல்லும். அதற்கு மேலே எதிராளிகள் காய்களைச் சும்மா விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே நிம்ஸோவிச்சும், இங்கே ஒதுக்கிவைத்த தொடக்க நூல்களும் வேண்டியிருக்கும்.